தொகையை நேரில் சொல்கிறேன்

டிக்கெட்டு எவ்வளவுன்னு கேட்டீங்க. நான் கேட்டும் கேக்காத மாதிரி ஜன்னலைப் பாத்துட்டு உக்காந்துட்டேன். திமிருன்னு நெனச்சிருப்பீங்க. திமிரில்லீங்க தம்பி. தாராபுரத்துக்கு எவ்வளவுன்னு எனக்கு நல்லாத் தெரியும், ஆறு மாசமா இதே பஸ்ஸுலதான் போயிட்டு வர்றேன். ஆனா ஒரு தொகையை இத்தனை பேரு காதுல விழுகற மாதிரி வாய்விட்டுச் சொல்றதுன்னா, எனக்கு நடுரோட்டுல வேட்டி அவுந்த மாதிரி ஆயிப்போகுதுங்க. கண்டக்டரு வருவாரு, அவரு சொல்லுவாரு, அது அவரு தொழிலு. அவசரமாத் தெரியணும்னா இந்தத் துண்டுக்குள்ள கையை விடுங்க, சொல்றேன். வேண்டாமுங்களா. சரி, கூச்சமா இருந்தா விடுங்க.

நான் மாட்டுத் தரகனுங்க. தரகனா இருந்தேன். பேரு கிட்டுச்சாமி. சந்தையில மாட்டுக்கு வெலை பேசறதைப் பாத்திருக்கீங்களா? வாங்கறவன் கையும் தரகன் கையும் ஒரு துண்டுக்கடியில இருக்கும். வாய் பாட்டுக்கு மழையைப் பத்திப் பேசும், யாரு வீட்டுல சீருன்னு பேசும். வெலையைப் பேசறது கீழ விரலு. ஒரு விரலைப் புடிச்சா ஒன்னு, ரெண்டைப் புடிச்சா ரெண்டு, கையை மொத்தமாப் புடிச்சா அஞ்சு. ஆறுன்னா மொத்தமாப் புடிச்சு விட்டுட்டு இன்னொரு விரலு. அது ஆயிரமா பத்தாயிரமான்னு மாட்டைப் பாத்தாலே தெரியும். பக்கத்துல நிக்கறவனுக்கு ஒன்னும் தெரியாது. அதுல ஒரு மரியாதை இருக்குதுங்க. கம்மியா வித்துட்டான்னு ஒருத்தனை ஊரு சிரிக்காது. ஏமாந்து வாங்கிட்டு வந்தியான்னு ஒருத்தனை பொண்டாட்டி ஏச மாட்டா.

வீட்டுலயும் எனக்கு அதே பழக்கந்தான். சரசு, எம்பட சம்சாரம், பணங்காசுப் பேச்சுன்னா பக்கத்துல வந்து உக்காந்து முந்தானையை எங்கை மேல போட்டுருவா. மேல ரசத்துல உப்பு பத்தலைன்னு பேசிட்டிருப்போம், கீழ பேச்சு நடந்துட்டிருக்கும். புள்ளை ஒன்னே ஒன்னு, மைதிலி. சின்னப் புள்ளைக மனசுல பணக் கவலை ஏறக் கூடாதில்லீங்களா. அவ எங்க பக்கத்துலயே உக்காந்து படிச்சிட்டிருப்பா, ஒன்னும் தெரியாது அவளுக்கு. சந்தைப் பக்கமும் ஒரு நாள் கூட்டிட்டுப் போனதில்லை. அந்த வகையில எங்க வீட்டுல ரகசியம் ரகசியமாவே இருந்துச்சுங்க.

இந்தக் கையைப் பாருங்க. வலது கை, ஆள்காட்டி விரலு. முழுசாப் போகலை, அடியில மொட்டு மாதிரி கொஞ்சூண்டு இருக்குது. சோளத்தட்டு வெட்டற மிஷின்ல போச்சு. மிஷின் மேல தப்பில்லீங்க. போனைத் தோள்ல இடுக்கிட்டு ஒரு ஜோடிக் காளைக்கு ஆள் பேசிட்டே தட்டை உள்ள தள்ளினேன். அந்த ஆளு கடைசி வரைக்கும் 'அலோ அலோ'ன்னு கத்திட்டிருந்தாரு, பாவம்.

தையல் பிரிச்ச வாரமே சந்தைக்குப் போயிட்டேன். அதே காளை, அதே ஆளு. துண்டைப் போட்டேன். அவரு எங்கையை மொத்தமாப் புடிச்சாரு. மொத்தம்னா அஞ்சு. நான் வித்தவருகிட்டப் போயி அஞ்சுன்னு விரல்ல சொல்லி முடிச்சுட்டேன். காளை வண்டியில ஏறின பொறகு இவரு நாலுக்குண்டான பணத்தை நீட்டறாரு. ஏனுங்கன்னு கேட்டா, 'உங்கையில இருந்ததே நாலு விரலு, நான் புடிச்சது நாலு'ங்கறாரு. நியாயமான பேச்சுங்களா இது? 'இல்லாத விரலை எப்படீங்க புடிக்கறது'ன்னு என்னையவே கேக்கறாரு. துண்டுக்குள்ள நடந்ததுக்குச் சாட்சி யாரு? வித்தவரும் என்னையத்தான் புடிச்சுக்கிட்டாரு, வாங்கினவரும் என்னையத்தான் புடிச்சுக்கிட்டாரு.

தரகருக கூடிப் பேசினாங்க. தலைவரு சொன்னாரு, 'கிட்டு மேல தப்பில்லை. ஆனா அந்தக் கை அளவு கொறஞ்ச படி மாதிரி. நெளிஞ்ச படியை வெச்சு யாவாரம் பண்ண விடுவமா?' எங்கையைப் படின்னு சொல்லிப்போட்டாரு. ஒருத்தரு, இடது கையில பேசட்டுமேன்னாரு. சந்தையே சிரிச்சுதுங்க. இடது கையில வெலை பேசின மாட்டை எவன் வீட்டுக்குள்ள ஓட்டிட்டுப் போவான்? அன்னைக்கோட சரி. சந்தை இன்னும் ஜேஜேன்னு நடக்குது. நான்தான் வெளிய.

அப்பறம் வீடுதான். சரசு தையல் கம்பெனிக்குப் போறா, மைதிலி திருப்பூர்ல பனியன் கம்பெனி ஆபீசுக்குப் போறா, நான் டிவி ரிமோட்டை வெச்சுட்டு உக்காந்திருக்கேன். ரிமோட்டை அமுக்கறதுக்கும் ஆள்காட்டி விரலுதான் வேணும், தெரியுமுங்களா. விரலு இருக்கற வரைக்கும் அது யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வர்றவங்க 'அண்ணன் இப்ப என்ன பண்றாரு'ம்பாங்க. சரசு 'சும்மாதான் இருக்காரு'ம்பா. அவ சாதாரணமாத்தான் சொல்லுவா. எனக்கு உள்ள அறுக்கும்.

மைதிலிதான் சொன்னா. 'அப்பா, உங்களுக்குக் கணக்கு மனசுலயே வரும். அக்கவுண்ட்ஸ் படிங்க. சர்டிபிகேட் வாங்குனா எந்தக் கடையிலயும் உக்காந்து வேலை பாக்கலாம்.' அவளே தாராபுரத்துல சேத்தும் விட்டா, பீசும் கட்டினா. எவ்வளவு கட்டினான்னு எனக்குத் தெரியாது. அவ சம்பளம் எவ்வளவுன்னும் தெரியாது. நான் கேக்கலை, அவளும் சொல்லலை. சொல்லியிருக்கலாம். அப்பன் துண்டும் தரகும்னு திரிஞ்சவன், அவன்கிட்ட என்ன சொல்றதுன்னு நெனச்சிருப்பா போலன்னு எனக்கு ஒரு வருத்தம் இருந்துச்சுங்க. ஆபீஸ்ல படிச்சவங்களோட பழகற புள்ளை. நானே மனசைத் தேத்திக்கிட்டேன்.

நவமணி கணக்கியல் பயிலகம்னு பேரு. மாடியில இருக்குது. எதுத்தாப்புல டீக்கடை, அதுக்குப் பக்கத்துல வரிசையாக் கடைக. கிளாசுல எல்லாம் காலேஜ் முடிச்ச புள்ளைக. பெரிய ஆளுன்னா நானும் நாச்சிமுத்தண்ணனுந்தான். அவரு டவுன் பஸ்ஸுல கண்டக்டரா இருந்து ரிடையர் ஆனவரு. கோயில் கமிட்டியில கணக்கெழுதறதை இவரு தலையில கட்டிட்டாங்க, அதுக்காகப் படிக்க வந்தாரு. நல்ல மனுசன். ஆனா வாயைத் தொறந்தா பஸ்ஸுக்குக் கடைசியில நிக்கறவனுக்கும் கேக்கணும்னு தொறப்பாரு. பக்கத்துல உக்காந்து பேனா கேட்டாலும் அதே சத்தந்தான்.

டீச்சரு பேரு ஹேமலதா, எம்மக வயசு. மொத நாளு போர்டுல 'வெற்றிக்கொடி டிரேடர்ஸ், மூலதனம்'னு எழுதினாங்க. பக்கத்துலயே ஒரு தொகையை, இத்தாம்பெருசா, எல்லாத்துக்கும் தெரியற மாதிரி எழுதிப்போட்டாங்க. நான் எந்திரிச்சுட்டேன்.

'ஏனுங்க டீச்சர், இப்படி எழுதறது அவருக்குத் தெரியுமுங்களா?'

'யாருக்குங்கண்ணா?'

'முதல் போட்டவருக்குங்க.'

'அப்படி யாரும் இல்லைங்கண்ணா. இது பாடத்துக்கு.'

'இல்லாதவருன்னா இன்னும் மோசமுங்க. என்னத்துக்கு எழுதினீங்கன்னு வந்து கேக்கவும் ஆளில்லை அவருக்கு.'

புள்ளைகெல்லாம் சிரிச்சுதுக. நான் ஒன்னும் தப்பாச் சொல்லலைங்க. அதோட விட்டாங்களா? மறுநாளு 'ராமுவுக்குக் கொடுக்க வேண்டியது'ன்னு ஒரு தொகை. அதுக்கடுத்த நாளு 'கோபாலிடமிருந்து வர வேண்டியது'ன்னு ஒன்னு. கோபால் என்ன கஷ்டத்துல குடுக்காம இருக்கறாரோ. குடும்பஸ்தரா இருப்பாரு. ஒரு வாரம் போனா 'கோபால் நொடித்துப்போனார்'னு எழுதறாங்க. என்னால பாக்க முடியலைங்க. கிளாசு முடிஞ்சதும் எல்லாரும் எறங்கிப் போன பொறகு நான் மட்டும் இருந்து போர்டை ஈரத்துணி வெச்சு சுத்தமாத் தொடச்சுட்டுத்தான் வருவேன். ஜன்னல் தொறந்துதான கெடக்குது, டீக்கடைக்காரன் பாக்க மாட்டானா?

அதுக்காக நான் படிக்கலைன்னு நெனச்சுக்காதீங்க. கணக்கு எனக்குப் புடிச்சுப்போச்சு. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம், ரெண்டும் ஜோடிக் காளை மாதிரி சமமா நடக்கணும். ஒரு பக்கம் எறங்கினா எங்கயோ தப்பு. அந்தத் தப்பு எங்கன்னு தெரியலைன்னா, கண்டுபுடிக்கற வரைக்கும் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்குன்னு ஒன்னுல வெச்சிருக்கலாமாம். எனக்கு அது ரொம்பப் புடிச்சுதுங்க. இன்னாருதுன்னு தெரியாததுக்கும் ஒரு எடம் குடுத்திருக்கறாங்க பாருங்க. வீட்டுல சும்மா உக்காந்திருந்தப்ப நானும் அந்தக் கணக்குலதான் இருந்திருக்கேன் போல.

கொழப்பம் எங்க வந்துச்சுன்னா, விடை சொல்றதுல. 'கிட்டுச்சாமியண்ணா, இருப்பு எவ்வளவு வருது?'ம்பாங்க. எனக்கு விடை வந்திருக்கும். சொல்லத்தான் முடியாது. துண்டைப் போட்டுச் சொல்லலாம்னா டீச்சரு வயசுப் பொண்ணு, கையைப் புடிச்சா நல்லாவா இருக்கும்? அதனால நாச்சிமுத்தண்ணன் கையைத் துண்டுக்குள்ள இழுத்து அவருக்குச் சொல்லுவேன். அவரு காதும் காதும் வெச்ச மாதிரி டீச்சருகிட்டச் சொல்லணும்னு ஏற்பாடு. அவரு என்ன பண்ணுவாருன்னா, கை உள்ள இருக்கறப்பவே ஊரு பேரைக் கூவற மாதிரி கூவிருவாரு. 'ஏண்ணா, உங்களுக்கு ரகசியம்னா என்னன்னே தெரியாதா'ன்னு கேட்டேன். 'தெரியும்ப்பா'ன்னு அதையும் சத்தமாத்தான் சொன்னாரு.

ஒரு நாளு லாப நஷ்டக் கணக்கு. வெற்றிக்கொடி டிரேடர்ஸுக்கு வருசக் கடைசியில நஷ்டம். எனக்கு விடை வந்ததும் இன்னொருக்காக் கூட்டிப் பாத்தேன். அவ்வளவு நஷ்டம். துண்டுக்குள்ள சொன்னேன். நாச்சிமுத்தண்ணன் எந்திரிச்சு நின்னு, 'வெற்றிக்கொடி டிரேடர்ஸ் நஷ்டம்'னு ஆரம்பிச்சு, தொகையையும் சேத்து ஒரே மூச்சுல சொன்னாரு. ஜன்னலு தொறந்திருந்துச்சுங்க.

இதுல ஒன்னு சொல்ல மறந்துட்டேன். அந்தப் பேரு எங்கிருந்து வந்துச்சு தெரியுமுங்களா? பயிலகத்து ஓனரு பாடம் தயார் பண்றப்ப ஒரு கம்பெனிப் பேரு வேணும்னு ஜன்னல் வழியா எட்டிப் பாத்திருக்காரு. டீக்கடைக்குப் பக்கத்துல கயிறும் சாக்கும் விக்கற கடை. போர்டுல வெற்றிக்கொடி டிரேடர்ஸ்னு இருந்துச்சு. நல்ல பேரா இருக்குதேன்னு அதையே வெச்சுப்போட்டாரு. கடைக்காரரு தொரைசாமிக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது, பஸ்ஸை விட்டு எறங்கினா நேரா மாடிப்படி, கிளாசுல ஜன்னலு பக்கம் முதுகைக் காட்டித்தான் உக்காந்திருப்போம்.

நாங்க கீழ எறங்கறதுக்குள்ள டீக்கடையில பேச்சு ஓடிப்போச்சு. 'மாடியில ஆடிட்டருக பத்துப் பேரு உக்காந்து தொரைசாமி கணக்கைப் பாத்திருக்காங்க, கடை முழுகிப்போச்சாம்.' ஆடிட்டருகங்கறது எங்களைத்தான். மறுநாளு காத்தால போறேன், கயித்துக்கடை முன்னால கூட்டம். சாக்கு சப்ளை பண்றவரு வந்து நிக்கறாரு, எங்காசை வெய்யுங்கறாரு. கடையில வேலை செய்யற பொம்பளைக ஓரமா நின்னு அழுகறாங்க. தொரைசாமி நடுவுல, 'யாரு சொன்னது, யாரு சொன்னது'ன்னு சுத்திச் சுத்தி வர்றாரு. நாச்சிமுத்தண்ணன் மனசு கேக்காம அவருக்கு உதவி பண்ணலாம்னு, 'அது நெசக் கடையில்லைப்பா, இல்லாத கடை'ன்னு கத்தினாரு. கடையே இல்லையாம்னு கூட்டம் இன்னும் கிட்ட வந்துருச்சு.

நான் கூட்டத்தை வெலக்கிட்டு உள்ள போனேன். சந்தையில இதைவிட மோசமெல்லாம் பாத்தாச்சுங்க. துண்டைத் தோள்ல இருந்து எடுத்தேன். கூட்டம் அப்படியே அமைதியாயிருச்சு. அந்தப் பக்கத்துல எல்லாரும் மாடு வளக்கற ஜனந்தானே, துண்டை எடுத்தா என்ன நடக்கும்னு தெரியும். தொரைசாமி கையை உள்ள வாங்கினேன். 'இந்த வருசம் என்ன நின்னுச்சோ உள்ளபடி சொல்லுங்க'ன்னு காதுல சொன்னேன். சொன்னாரு. விரலு விரலாச் சொன்னாரு. நான் தலையை ஆட்டினேன். துண்டை எடுத்து ஒதறித் தோள்ல போட்டுட்டு, 'நான் கேட்டுட்டேன். எல்லாரும் போயி அவங்கவங்க வேலையைப் பாருங்க'ன்னேன்.

கலைஞ்சுட்டாங்க. சாக்கு சப்ளைக்காரரு டீ குடிச்சுட்டுப் போனாரு.

லாபமா நஷ்டமான்னு கேக்கறீங்களா? அதைச் சொல்வனுங்களா உங்ககிட்ட? ஆனா அவரு கை மட்டும் நல்லா வேத்திருந்துச்சு.

தொரைசாமி எல்லாரும் போன பொறகு எங்கையைப் புடிச்சுக்கிட்டாரு, துண்டில்லாம, சும்மா. 'கணக்கெழுத ஒரு ஆளு வேணும்னு ரெண்டு வருசமாத் தேடறேன். எவனை வெச்சாலும் என் கணக்கு டீக்கடைக்குப் போயிருது. நீங்க வாங்க'ன்னாரு. எனக்கு நெஞ்சு நெறைஞ்சுபோச்சு. ஆனா அவரு மகன் வெவரமானவன். 'சர்டிபிகேட் இருந்தாத்தான் சம்பளத்துக்கு வெக்கலாம்ப்பா'ன்னு சொல்லிப்போட்டான். பாஸ் பண்ணணும். பாஸ் மார்க்கு முப்பத்தஞ்சு. அதைச் சொல்லலாமுங்க, பயிலகத்துச் செவுத்துல பெயிண்ட்ல எழுதியிருக்குது, அது யாரு ரகசியமும் இல்லை. அன்னைக்கு ராத்திரி சரசுகிட்டச் சொன்னேன். காலையில எனக்குப் புதுத் துண்டு ஒன்னு வாங்கிட்டு வந்துட்டா, பழசைக் கரித்துணி ஆக்கிட்டா.

பரீட்சை வந்துச்சு. நான் அந்தப் புதுத் துண்டைப் பேப்பர் மேல போட்டு, அதுக்குள்ள கையை விட்டு எழுத ஆரம்பிச்சேன். சூப்பர்வைசரு வெளியாளு, நம்மளைத் தெரியாது. துண்டுக்குள்ள பிட்டு இருக்குதுன்னு புடுங்கி ஒதறிப் பாத்தாரு. ஒன்னும் இல்லை. இருந்தும் குடுக்க மாட்டேன்னுட்டாரு. மேசையில மடிச்சு வெச்சுக்கிட்டாரு. எனக்கு எடது பக்கம் ஒரு புள்ளை, வலது பக்கம் நாச்சிமுத்தண்ணன், மேல ஃபேன் காத்துல பேப்பரு படபடன்னு தூக்குது. எல்லாரும் பாக்கற மாதிரி நான் எப்படீங்க தொகை எழுதறது?

கோடெல்லாம் போட்டேன். தேதி, பேரு, எது பற்று, எது வரவு, எது எந்தப் பக்கம்னு ஒன்னு விடாம எழுதினேன். தொகைக் கட்டத்துக்கு வந்ததும் கை நின்னுபோச்சு. அப்பறம் ஒரு யோசனை வந்துச்சு. கட்டத்துல 'தொகையை நேரில் சொல்கிறேன்'னு எழுதினேன். எல்லாக் கட்டத்துலயும். எடம் பத்தாத கட்டத்துல 'நேரில்'னு மட்டும் எழுதினேன். மரியாதையாத்தான எழுதினேன்.

ஹேமலதா டீச்சரு போன் பண்ணினாங்க. 'என்னங்கண்ணா இப்படிப் பண்ணிட்டீங்க'ன்னாங்க. கொரலு அழுகற மாதிரி இருந்துச்சு. 'எப்ப வேணும்னாலும் வர்றேன் டீச்சர், சொல்றேன்'னேன். ஓனரு சைபர் போடச் சொல்லிட்டாராம். டீச்சரு சண்டை போட்டிருக்காங்க. 'நேரில் சொல்கிறேன்னு பேப்பர்லயே எழுதியிருக்காரு. கூப்புட்டுக் கேக்காம சைபர் போட்டா அது நம்ம தப்பு'ன்னு நின்னிருக்காங்க. அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்.

கூப்புட்டாங்க. ஆனா அதே சங்கடந்தான், டீச்சரு கையை எப்படிப் புடிக்கறது? அதுக்கு அவங்களே ஒரு வழி கண்டுபுடிச்சாங்க. மேசை மேல ஓனரோட துண்டை விரிச்சு, அதுக்கடியில அஞ்சு சாக்பீஸை வெச்சாங்க. நான் எத்தனை சாக்பீஸை அவங்க பக்கம் தள்ளறனோ அதுதான் கணக்கு. சைபருக்கு என்ன பண்றதுன்னு தெரியலை, டஸ்டரைத் தள்ளி விட்டேன். ஓனரு சாட்சிக்கு இருந்தாரு. ஆனா பாக்கக் கூடாதுன்னு நான் சொல்லிட்டேன், செவுத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்தாரு. மத்தியானம் ஆரம்பிச்சுது. டீ வந்துச்சு, ஆறிச்சு, மறுபடியும் வந்துச்சு. நடுவுல ஒரு சாக்பீஸ் ஒடைஞ்சு ரெண்டாயிப்போச்சு. அதுல ஒரு தொகை ஒன்னு எச்சாக் கூடிப் போயி, அதுக்கு மார்க்கைக் கொறச்சுட்டாங்க. சாக்பீஸ் ஒடைஞ்சதுக்கு நான் பொறுப்பாங்க? இருந்தாலும் நான் ஒன்னும் கேக்கலை.

ரிசல்ட்டு அன்னைக்குப் பயிலகத்து மாடிப்படி உச்சியில ஒட்டினாங்க. நாச்சிமுத்தண்ணன் மொத ஆளாப் போயி நின்னுக்கிட்டாரு. ஒவ்வொரு பேரா, மார்க்கோட, ஸ்டாப்பிங் சொல்ற மாதிரி படிக்கறாரு. அவரு மார்க்கை ரெண்டு தடவை படிச்சாரு. எம்பேரு எப்ப வருமோன்னு நான் படிக்கட்டுக்கடியில, சைக்கிள் நிறுத்தற எடத்துல போயி நின்னுட்டேன். டீக்கடையில அத்தனை பேரும் காதைத் தீட்டிட்டு உக்காந்திருக்காங்க. தொரைசாமி கடை வாசல்ல நிக்கறாரு. என் துண்டு சூப்பர்வைசரு கொண்டுபோயி அப்பவும் திரும்பி வரலை. தோள்ல ஒன்னும் இல்லாம, அம்மணமா நிக்கற மாதிரி இருந்துச்சு. பெயில்னு அவரு வாயால ஊரு கேட்டா நான் எப்படீங்க வீட்டுக்குப் போறது? மறுபடி அந்த ரிமோட்டு. மறுபடி 'சும்மாதான் இருக்காரு.'

அப்ப மைதிலி வந்தா. ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுட்டு வந்திருக்கா, எனக்குத் தெரியாது. நேரா மேல போனா. 'பெரியப்பா, எங்கப்பா பேரை மட்டும் விட்டுருங்க'ன்னா. நாச்சிமுத்தண்ணன் வாயை மூடினாருங்க. அவரு வாயை மூடி நான் பாத்தது அந்த ஒரு தடவைதான்.

கீழ எறங்கி எங்கிட்ட வந்தா. மூஞ்சியில ஒன்னும் தெரியலை. 'அப்பா, மழை வரும் போல'ன்னா. வெயிலு பொளந்துட்டு இருக்குது. எனக்குப் புரியலை. துப்பட்டாவை எடுத்து எங்கை மேல போட்டா.

மொதல்ல மூணு விரலைப் புடிச்சா. விட்டா. அப்பறம் கையை மொத்தமாப் புடிச்சா. எனக்கு உசுரு போயிருச்சுங்க. மொத்தம்னா எங்கையில நாலுதானே. சந்தையில அந்த ஆளு சொன்னது காதுல கேட்டுச்சு, இருக்கறதைத்தானே புடிக்க முடியும்னு. போச்சு, ஒன்னுல போச்சுன்னு நெனச்சேன். அப்பத்தான் அந்த மொட்டு மேல அவ கட்டை விரலு வந்து அழுத்துச்சு. தையல் போட்ட எடம், நானே தொட மாட்டேன், கூசும். அங்க வெச்சு நல்லா அழுத்திப் புடிச்சா. அது ஒன்னைத் தனியாக் காட்டி, இதையும் சேத்துக்கோங்கன்னு சொல்ற மாதிரி.

அழுதுட்டேன். சைக்கிளுக்கு நடுவுல நின்னு அழுதேன்.

'உனக்கு இது எப்படித் தெரியும் சாமி?'ன்னு கேட்டேன். 'உங்க ரெண்டு பேருக்கும் பக்கத்துல உக்காந்துதானப்பா நான் படிச்சேன். எனக்கு எண்ணவே அதுலதான் வந்துச்சு'ன்னா. 'என் பீசுக்கு அம்மா வளையலை அடகு வெச்சது நான் மூணாவது படிக்கறப்பவே தெரியும். எந்த வளையல்னும் தெரியும்'னா. முந்தானை ஆடாது, எங்க மூஞ்சி மாறாது, நாங்க ரசத்தைப் பத்தித்தான் பேசுவோம். இருந்தும் அத்தனையும் அந்தப் புள்ளைகிட்டப் போயிருக்குது. இத்தனை வருசம் ஒரு வார்த்தை வாயில வரலை பாருங்க. தரகன் மகளுங்க அவ.

கையை விடலை. துப்பட்டாவுக்குள்ள இன்னும் என்னமோ சொன்னா. ரெண்டு தடவை சொன்னா, மொத தடவை நான் சரியாக் கவனிக்கலை. அவ சம்பளமுங்க. வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து நான் கேக்காத தொகை. 'ஏஞ்சாமி மொதல்லயே சொல்லலை'ன்னேன். 'நீங்க துண்டு போடவே இல்லையேப்பா'ன்னா.

அவ்வளவுதானுங்க. இன்னைக்குக் கயித்துக்கடையில எனக்கு மொத நாளு. சர்டிபிகேட் இந்தப் பையிலதான் இருக்குது. காட்டறேன் பாருங்க. கிட்டுச்சாமின்னு இருக்குது, கணக்கியல்னு இருக்குது, இந்தச் செவப்பா இருக்கறது சரசுவோட ஸ்டிக்கர் பொட்டு. மார்க்கை இத்தாம்பெருசா அடிச்சு வெச்சிருக்காங்க, அதான் அது மேல ஒட்டிட்டேன். எவ்வளவுன்னு மட்டும் கேக்காதீங்க. எம்மகளும் நானும் தவிர யாருக்கும் தெரியாது, இனியும் தெரியப் போறதில்லை.

கண்டக்டரு வர்றாரு. கத்தறதைக் கேட்டீங்களா? நாச்சிமுத்தண்ணன் பரவாயில்லை.

உங்க கையில என்ன, பைலா? வேலைக்கா போறீங்க? இன்டர்வியூவா. நல்லதுங்க தம்பி, கெடைக்கும். சம்பளம் எவ்வளவு சொல்லியிருக்காங்க? இருங்க இருங்க, வாயில சொல்லாதீங்க, பின்னால ஒருத்தன் எட்டிப் பாக்கறான். இந்தாங்க, துண்டைப் போட்டாச்சு. கையைக் குடுங்க. மொத்தமாப் புடிக்க வேண்டி வந்தா ஒரு விரலு கொறையுதேன்னு யோசிக்காதீங்க. அந்த மொட்டையும் சேத்து அழுத்திப் புடிங்க, எனக்குப் புரியும்.